பால் எத்தனை மணிக்கு ஆறும்? சூடு ஏறும், இறங்கும் வேகத்தை வீட்டிலேயே கணக்கிட ஒரு முழு வழிகாட்டி

இரவு ஒன்பதரைக்குப் பால் காய்ச்சி இறக்குகிறீர்கள். உறை ஊற்றிவிட்டுத்தான் படுக்க வேண்டும். விரல் வைத்தால் சுடுகிறது. பத்து நிமிடம் கழித்தும் சுடுகிறது. டிவி முன்னால் உட்கார்ந்து கண்ணயர்ந்து எழுந்தால் பால் பச்சைத்தண்ணீர் மாதிரி ஆறிக் கிடக்கிறது. அதில் மோரை விட்டால் காலையில் தயிர் என்று சொல்லிக்கொள்ளும் ஏதோ ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இதற்குப் பாட்டி வைத்திருந்த அளவுகோல் 'கை பொறுக்கும் சூடு'. நல்ல அளவுகோல்தான். ஆனால் அந்தச் சூடு எத்தனை மணிக்கு வரும் என்று அது சொல்லாது. அதைச் சொல்ல ஒரு தெர்மாமீட்டரும், கடிகாரமும், ஒரே ஒரு மாலைப்பொழுதும் போதும். உங்கள் பாத்திரத்துக்கான ஓர் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் பால் மட்டுமல்ல, சாம்பார், ரசம், ஃப்ரிட்ஜில் வைக்கும் தண்ணீர் பாட்டில் எல்லாவற்றுக்கும் அதே கணக்கை ஓட்டலாம்.

முதலில்: டிகிரியை விடுங்கள், வித்தியாசத்தைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். பொருள் எவ்வளவு வேகமாக ஆறும் என்பதை அதன் சூடு மட்டும் தீர்மானிப்பதில்லை. அதன் சூட்டுக்கும் சுற்றியிருக்கும் காற்றின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது. பால் 90 டிகிரி, சமையலறை 30 டிகிரி என்றால் நம் கணக்கு தொடங்குவது 90இல் அல்ல, 60இல்.

வித்தியாசம் பெரிதாக இருக்கும்போது சூடு விறுவிறுவென்று இறங்கும். வித்தியாசம் குறையக் குறைய இறங்கும் வேகமும் குறையும். அதனால்தான் 'பத்து நிமிடத்தில் பத்து டிகிரி இறங்கியது, இன்னும் முப்பது நிமிடத்தில் முப்பது டிகிரி இறங்கிவிடும்' என்று போடும் நேர்கோட்டுக் கணக்கு எப்போதும் ஏமாற்றும்.

நேர்கோட்டுக்குப் பதிலாக இங்கே நடப்பது பாதி பாதியாகக் குறைவது. வித்தியாசம் 60இலிருந்து 30 ஆக எவ்வளவு நேரம் எடுக்கிறதோ, கிட்டத்தட்ட அதே நேரம்தான் 30இலிருந்து 15 ஆகவும், 15இலிருந்து ஏழரை ஆகவும் எடுக்கும். இந்த நேரத்தைப் 'பாதி நேரம்' என்று கூப்பிடுவோம். நாம் தேடும் எண் இதுதான். கவனியுங்கள்: வித்தியாசம் பாதியாவது என்றால் பால் 45 டிகிரிக்கு வருவது அல்ல. அறை 30 டிகிரியாக இருந்தால், 90 டிகிரிப் பாலுக்கு முதல் பாதி முடிவது 60 டிகிரியில்.

பள்ளியில் இதை நியூட்டனின் குளிர்வு விதி என்று படித்திருப்போம். 1701இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில், லத்தீனில், பெயர் போடாமல் அவர் வெளியிட்ட கட்டுரையில் வந்தது அது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை அவர் அசையாத காற்றில் ஆறவிடவில்லை, சீராகக் காற்று வீசும் இடத்தில் வைத்தார். காற்றோட்டத்தில் இந்த விதி நன்றாகப் பொருந்தும். காற்று அசையாத சமையலறையில், அதுவும் ஆவி பறக்கும் பாலில், தொடக்கத்தில் கொஞ்சம் பிசகும். எந்தப் பக்கம் பிசகும் என்று தெரிந்தால் அதையும் சமாளிக்கலாம். கீழே வருகிறது.

தேவையான பொருட்கள்

கம்பி முனை உள்ள டிஜிட்டல் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, அதன் அளவு 42 டிகிரியை ஒட்டி முடிந்துவிடும். நெற்றிக்கு நேரே காட்டும் துப்பாக்கி மாதிரியான கருவியும் இங்கே வேண்டாம். பளபளக்கும் எவர்சில்வரைக் குறிவைத்தால் பாத்திரத்தின் சூட்டுக்குப் பதில் அதில் பிரதிபலிக்கும் உங்கள் சமையலறையின் சூட்டைத்தான் பெரும்பாலும் காட்டும்.

வாங்கியதும் கருவியைச் சோதியுங்கள். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி முனையை வைத்தால் 0 காட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் 100. இது கடலோர ஊர்களுக்கு. சுமார் 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி குறையும் என்பதால், 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே இருப்பவர்கள் கருவியைத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம்.

அளக்கும் மாலை

எப்போதும் பால் காய்ச்சும் அதே பாத்திரம், எப்போதும் ஊற்றும் அதே அளவு, எப்போதும் வைக்கும் அதே இடம். இது முக்கியம். பாத்திரம் மாறினால் எண்ணும் மாறும்.

முதலில் அறையின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் அளக்காதீர்கள், பால் ஆறப்போகும் மேடைக்கு அருகே அளங்கள். பாலை இறக்கிவைத்ததும் ஒரு முறை, பிறகு 15 நிமிடத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் கரண்டியால் மெதுவாக இரண்டு சுற்று கலக்கிவிட்டு நடுவில் முனையைப் பிடியுங்கள். கலக்காவிட்டால் மேலே ஒரு சூடு, அடியில் ஒரு சூடு இருக்கும். ஆடை படிந்திருந்தால் ஒதுக்கிவிட்டு அளக்கலாம்.

ஒரு லிட்டர் பால், வாய் அகன்ற எவர்சில்வர் பாத்திரம், மூடாமல், 30 டிகிரி அறை என்றால் உங்கள் நோட்டில் ஏறக்குறைய இந்த மாதிரி எண்கள் விழும் என்று வைத்துக்கொள்வோம்:

0 நிமிடம்: 90 டிகிரி, வித்தியாசம் 60
15 நிமிடம்: 74 டிகிரி, வித்தியாசம் 44
30 நிமிடம்: 63 டிகிரி, வித்தியாசம் 33
45 நிமிடம்: 55 டிகிரி, வித்தியாசம் 25
60 நிமிடம்: 49 டிகிரி, வித்தியாசம் 19
75 நிமிடம்: 44.5 டிகிரி, வித்தியாசம் 14.5

60 என்பது 30 ஆனது எப்போது? 30 நிமிடத்தில் 33, ஆக 35 நிமிடத்தை ஒட்டி. அடுத்து 33இல் தொடங்கிப் பாருங்கள். அதன் பாதி 16.5. அது 60ஆவது நிமிடத்துக்கும் 75ஆவது நிமிடத்துக்கும் நடுவில், சுமாராக 68ஆவது நிமிடத்தில் வருகிறது. 68இல் 30ஐக் கழித்தால் 38 நிமிடம்.

முதல் பாதி 35, அடுத்தது 38. மேலே சொன்ன பிசகு இதுதான். கொதிசூட்டில் ஆவி அதிகம் பறப்பதால் பால் விதியை விடக் கொஞ்சம் வேகமாக ஆறுகிறது, பிறகு நிதானப்படுகிறது. ஆகவே ஆவி அடங்கிய பிறகு கிடைக்கும் எண்ணை, இங்கே 38ஐ, உங்கள் பாதி நேரமாக எழுதி வையுங்கள். ஆவி பறக்கும் முதல் அரை மணி நேரத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இனி கணிப்பு

உறை ஊற்ற 40 முதல் 45 டிகிரி நல்லது. 43 என்று வைத்துக்கொள்வோம், அதாவது வித்தியாசம் 13. அரை மணி நேரத்தில் வித்தியாசம் 33. 33 எப்போது 13 ஆகும்?

ஒரு பாதி நேரத்தில் 16.5 ஆகிவிடும். மீதி, 16.5இலிருந்து 13. இங்கே லாகரிதம் வேண்டாம், மூன்று பின்னங்களை மனப்பாடம் செய்தால் போதும். வித்தியாசம் 0.8 பங்காகக் குறைய பாதி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். 0.7 பங்காக, சரியாகப் பாதி. 0.63 பங்காக, மூன்றில் இரண்டு. 13ஐ 16.5ஆல் வகுத்தால் 0.79 வருகிறது. ஆக 38இல் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 13 நிமிடம். மொத்தம் 38 + 13 = 51 நிமிடம். பால் இறக்கியதிலிருந்து 81ஆவது நிமிடம். ஒன்பதரைக்கு இறக்கியிருந்தால் பத்து ஐம்பதுக்கு அலாரம் வைத்துவிட்டு நிம்மதியாகக் கண்ணயரலாம்.

மார்கழியில் அறை 24 டிகிரி என்றால்? பாதி நேரம் பெரிதாக மாறாது. மாறுவது வித்தியாசம்தான். இலக்கு வித்தியாசம் 13க்குப் பதில் 19. குளிர்காலத்தில் பால் சீக்கிரம் ஆறுவதன் கணக்கு இது. உறைவதற்கு நேரமாவதும் இதனால்தான்: உறை ஊற்றிய பிறகும் பால் 24ஐ நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது. பாத்திரத்தைத் துணியில் சுற்றுவதும், அரிசி டின்னுக்குள் வைப்பதும் பாதி நேரத்தை நீட்டும் வேலைகள்.

பாதி நேரத்தை மாற்றுவது எப்படி

பாதி நேரம் இரண்டு விஷயங்களின் இழுபறி. பொருள் எவ்வளவு வெப்பத்தைச் சேமித்து வைத்திருக்கிறது என்பது ஒன்று. அதை வெளியேற்ற எவ்வளவு வாசல் திறந்திருக்கிறது என்பது இன்னொன்று.

சேமிப்பில் தண்ணீரை அடிக்க ஆளில்லை. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 ஜூல் வேண்டும். சமையல் எண்ணெய்க்கு சுமார் 2, அலுமினியத்துக்கு 0.9, இரும்புக்கு 0.45 போதும். எண்ணெய் சீக்கிரம் காய்வதற்கும், தண்ணீரும் பாலும் நேரம் எடுப்பதற்கும் காரணம் இதுதான்.

வாசல்களில் பெரியது ஆவி. இதைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. 1 கிராம் தண்ணீர் ஆவியாகப் போகும்போது 2,300 ஜூலுக்கு மேல் எடுத்துக்கொண்டு போகிறது. 150 மில்லி காபியிலிருந்து 1 கிராம் ஆவியானால் மீதிக் காபி மூன்றரை டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். டபராவுக்கும் டம்ளருக்கும் இடையே காபியை நீளமாக இழுத்து ஆற்றும்போது நடப்பது இதுதான்: மெல்லிய தாரையாக விழும் காபிக்கு மேற்பரப்பு கூடுகிறது, ஆவி கூடுகிறது. கூடவே குளிர்ந்த டபரா தன் பங்குக்குச் சில டிகிரியை விழுங்கிக்கொள்கிறது. நுரை இலவசம்.

இதையே திருப்பிப் போடுங்கள். மூடி போட்டால் இந்த வாசல் அடைபடும். அகன்ற பாத்திரத்தில் பாதி நேரம் இரட்டிப்பாகக்கூட ஆகலாம். சூடு நிற்க வேண்டுமென்றால் தடிமனான பாத்திரத்தைத் தேடுவதைவிட ஒரு சாதாரணத் தட்டால் மூடுவதே முதல் வேலை.

அடுத்த வாசல் காற்று. அசையாத காற்று மிக மோசமான கடத்தி, அதனால்தான் கம்பளியும் தெர்மகோலும் வேலை செய்கின்றன. மின்விசிறியின் கீழ் வைத்தால் பாத்திரத்தை ஒட்டி நிற்கும் சூடான காற்றுப் படலம் கலைந்துபோய் ஆறும் வேகம் கூடும். ஆனால் உலர்ந்த பொருளை மின்விசிறியால் அறை வெப்பநிலைக்குக் கீழே ஒரு டிகிரிகூட இறக்க முடியாது. ஈரமாக இருந்தால் முடியும். மண்பானையின் தந்திரம் அது. சுவரில் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிர்விக்கிறது. காற்று உலர்ந்த ஊரில் பானை சில்லென்று இருக்கும், புழுக்கமான கடலோரத்தில் சுமாராகத்தான் இருக்கும்.

கதிர்வீச்சு என்ற வாசலும் உண்டு. பளபளப்பான உலோகம் குறைவாக வீசும், மண்சட்டியும் கரி பிடித்த பாத்திரமும் நன்றாக வீசும். ஃபிளாஸ்கின் உட்புறம் கண்ணாடி மாதிரி மின்னுவதற்கு இதுவே காரணம்.

எல்லாவற்றையும் விட வேகமான வழி, பாத்திரத்தைத் தண்ணீரில் உட்கார வைப்பது. காற்றைவிடத் தண்ணீர் பல மடங்கு வேகமாகச் சூட்டை இழுக்கும். நடுநடுவே கலக்கினால் 38 நிமிடப் பாதி நேரம் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரு லிட்டர் பால் 90 டிகிரியில் இருக்கிறது. பாத்திரத்தையும் சேர்த்து ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 4,200 ஜூல் பிடிக்கும். அதை 28 டிகிரியில் உள்ள 3 லிட்டர் தண்ணீரில் வைக்கிறீர்கள். தண்ணீருக்கு ஒரு டிகிரிக்கு 12,540 ஜூல். இரண்டும் சமமாகும் இடம் எது? பாலின் பங்கு ஒன்று, தண்ணீரின் பங்கு மூன்று. 62 டிகிரி வித்தியாசத்தை நாலாகப் பிரித்தால் பதினைந்தரை. 28உடன் கூட்டினால் 43.5. உறை ஊற்றும் சூடு! பால் அதற்குக் கீழே ஓட முடியாது, ஏனென்றால் சுற்றியிருக்கும் தண்ணீரும் அதே 43க்கு வந்துவிட்டது. அதன் பிறகு இரண்டும் சேர்ந்து மெதுவாகத்தான் இறங்கும். பாலைப் போல் மூன்று மடங்கு தண்ணீர் என்று நினைவில் வைத்தால் தெர்மாமீட்டரே தேவைப்படாது. சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் சுடும்போது மட்டும் பானைத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவு பெரிதானால்

நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டிப்பானால் கொள்ளளவு எட்டு மடங்கு, மேற்பரப்பு நாலு மடங்கு. சேமிப்பு எட்டு, வாசல் நாலு. ஆகவே பாதி நேரம் இரட்டிப்பு. 5 லிட்டர் சாம்பாருக்கு ஒரு லிட்டரைப் போல ஐந்து மடங்கு நேரம் ஆகாது, சுமார் 1.7 மடங்குதான். அதுவே மூடிவைத்தால் மணிக்கணக்கில் நீளும்.

விருந்து முடிந்து மிஞ்சிய உணவுக்கு இது வெறும் கணக்கல்ல. அமெரிக்க உணவு விதிமுறை, சமைத்த உணவு 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள்ளும் இறங்க வேண்டும் என்கிறது. நம் சமையலறை 32 டிகிரியில் இருக்கும்போது உணவு 21க்கு எப்போது வரும்? வரவே வராது. விடிய விடியக் காத்திருந்தாலும் 32தான். 'நன்றாக ஆறட்டும், அப்புறம் ஃப்ரிட்ஜில் வைக்கலாம்' என்பதில் உள்ள ஓட்டை இது. ஆவி அடங்கியதும் சிறு பாத்திரங்களுக்கு மாற்றி, தண்ணீர்த் தொட்டியில் ஒரு முறை குளிர்வித்து, உடனே ஃப்ரிட்ஜுக்கு அனுப்புங்கள்.

சோறு, பொங்கல், கேசரி: இங்கே கணக்கு வேறு

இதுவரை சொன்னதெல்லாம் கலக்கினால் கலங்கும் திரவங்களுக்கு. பாலும் ரசமும் உள்ளுக்குள் தாமே சுழன்று சூட்டை ஓரத்துக்குக் கொண்டுவரும். சோறு நகராது. நடுவில் உள்ள சூடு பருக்கை பருக்கையாகக் கடந்துதான் வெளியே வர வேண்டும். மேலே தொட்டால் ஆறியிருக்கும், நடுவில் கை வைத்தால் சுடும்.

இந்த உள்பயணத்துக்கு இரட்டிப்பு விதி கிடையாது, வர்க்க விதிதான். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்கு. 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குவிந்த சோற்றின் நடுச்சூடு வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அதையே தாம்பாளத்தில் இரண்டரை சென்டிமீட்டருக்குப் பரப்பினால் உள்ளிருந்து மேலே வரும் நேரம் பதினாறில் ஒரு பங்கு. புளியோதரைக்குச் சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டி ஆற்றுவது பருக்கை உடையாமல் இருக்க மட்டுமல்ல. சோற்றில் பாசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சமையலைத் தாண்டியும் உயிரோடிருக்கும். வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடக்கும் குவியலின் நடுப்பகுதி அவற்றுக்கு வசதியான இடம்.

சூடேறுவதற்கும் இதே கணக்கா?

இரண்டு வகை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்த இட்லி மாவு அறைச்சூட்டுக்கு வருவது முதல் வகை. இங்கே அதே பாதி நேரம், அதே வித்தியாசம், திசை மட்டும் தலைகீழ். மாவு கெட்டியானது என்பதால் சோற்றின் பக்கம் சாயும்.

இரண்டாவது வகை, கீசரும் வாட்டர் ஹீட்டர் கம்பியும். இவை ஒரே சீராக வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் இங்கே நேர்கோட்டுக் கணக்கே சரி. லிட்டரை 4,180ஆல் பெருக்கி, ஏற்ற வேண்டிய டிகிரியால் பெருக்கி, வாட்டால் வகுத்தால் விநாடி கிடைக்கும். 15 லிட்டர் கீசர், 2,000 வாட், 28இலிருந்து 60 டிகிரிக்கு: சுமார் 1,000 விநாடி, அதாவது 17 நிமிடம். 15 லிட்டர் வாளியில் 1,500 வாட் கம்பி, 45 டிகிரிக்கு: 12 நிமிடம். நடைமுறையில் ஒன்றிரண்டு நிமிடம் கூடலாம். கணக்கைவிட மிக அதிக நேரம் ஆகிறதென்றால் மின்னழுத்தம் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் சுடுகிறதா என்று கை வைப்பதற்கு முன் சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். இதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

ஐஸ் கலந்த எதற்கும் இந்த இரண்டு கணக்கும் கொஞ்ச நேரம் ஓடாது. 1 கிராம் ஐஸ் கரைய 334 ஜூல் வேண்டும், அதே ஜூலில் ஒரு கிராம் தண்ணீரை 80 டிகிரி ஏற்றிவிடலாம். கரையும்வரை சூடு 0இலேயே நிற்கும். தண்ணீர் பாட்டிலை அவசரமாகக் குளிர்விக்க ஃப்ரிட்ஜைவிட ஐஸ் போட்ட தண்ணீர் வாளி மேல் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஃப்ரிட்ஜுக்குள் இருப்பது வெறும் காற்று. அங்கே மணிக்கணக்கில் ஆவது வாளியில் நிமிடக்கணக்கில் முடியும்.

அப்படிக் குளிர்வித்த பாட்டிலை வெளியே எடுத்ததும் அது வியர்க்கிறதே, அதையும் கணக்கில் சேருங்கள். காற்றிலுள்ள ஈரம் பாட்டிலின் மேல் நீராகப் படியும்போது, ஆவியாகப் போகையில் எடுத்துக்கொண்டு போன வெப்பத்தை அப்படியே பாட்டிலிடம் திருப்பிக் கொடுக்கிறது. 300 மில்லி பாட்டிலில் வெறும் 3 கிராம் நீர் படிந்தாலே உள்ளிருப்பது ஏறக்குறைய 6 டிகிரி ஏறிவிடும். துடைத்தால் பயனில்லை, புதிதாகப் படியும். ஈரக்காற்று படாதபடி உலர்ந்த துணியாலோ செய்தித்தாளாலோ இறுக்கச் சுற்றிவிடுங்கள்.